பன்னீர்த் திராட்சையும் கரிசல் மல்லியும்

மஸ்கட் என்றதும் நம் பங்குக் குடும்பங்களில் பலருக்கு அரபு நாட்டு நகரமே நினைவுக்கு வரும். பிள்ளைகள் பிழைப்புத் தேடிப் போகும் ஊர் அல்லவா! நாம் இங்கே எழுதப் புகுந்தது அந்நகரைப் பற்றியன்று. அதே பெயரில் ஒரு திராட்சைக் குலம் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் கருநீலப் பன்னீர்த் திராட்சை அக்குலத்தைச் சேர்ந்ததே. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் மறுபெயர். 2023-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அதன் நறுமணத்திற்குக் காரணம் லினலூல், ஜெரானியோல் முதலிய பொருள்கள். ஜெரானியோல் ரோஜாவிலும் உண்டு. ஆகவே பன்னீர் என்று பெயரிட்டவரின் மூக்கு பிழைபடவில்லை. லினலூலோ கொத்தமல்லி விதையின் எண்ணெயில் பெரும்பங்காக இருப்பது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த கரிசலில் விதைக்கிறோமே, அதே மல்லிதான்! திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போகாத நம் வறண்ட நிலத்தில் அம்மணம் வேறு வழியாக வந்து குடியிருக்கிறது.

தென் பிரான்சிலும், கிரேக்க நாட்டுச் சாமோஸ் தீவிலும் மஸ்கட் திராட்சையிலிருந்து இனிப்பு இரசம் செய்கிறார்கள். சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து நொதித்தலை நிறுத்திவிடுவது ஒரு முறை. சர்க்கரையில் ஒரு பகுதி மாறாமல் எஞ்சுவதால் இரசம் இனிக்கும். ஆனால் சாராயச் சத்து நூற்றுக்கு 15 பங்கு அளவில் நிற்கும். சாதாரணத் திராட்சை மதுவில் அது 12, 13 பங்குதான். இனிக்கிறதே, தீங்கில்லை என்று எண்ணுவோர் இதைக் கவனிக்கவேண்டும்.

மேலை நாட்டார் இவ்விரசத்துடன் வாதுமைப் பருப்பு, உப்பு மிகுந்த பாலாடைக்கட்டி, பழங்கள் ஆகியவற்றை உண்பார்கள். உணவின் இனிப்பு இரசத்தின் இனிப்பை விஞ்சலாகாது என்பது அவர்கள் கண்ட விதி. இதைச் சோதிக்க மது வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை ஒரு வாய் உண்டபின் பன்னீர்த் திராட்சையைச் சுவையுங்கள், புளிக்கும். சாத்தூர்க் காராச்சேவை மென்றபின் சுவையுங்கள், தேனாக இனிக்கும். உப்பிட்டு வறுத்த நிலக்கடலையும் அவ்வாறே. கருப்பட்டி மிட்டாய் பழத்தோடு சேராது என்பது நம் கருத்து. வீட்டார் சிலர் இதற்கு உடன்படுவதில்லை.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கென்று திராட்சை, சர்க்கரை, கிராம்பு, பட்டை ஆகியவற்றைச் சாடியில் இட்டு நொதிக்கவைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. உரிமம் இன்றி மது செய்வது தமிழ்நாட்டில் குற்றம். அதனினும் பெரிய கவலை ஒன்று நமக்குண்டு. குடியால் சிதைந்து, மனைவியின் கண்ணீராலும் செபத்தாலும் மீண்ட குடும்பங்கள் நம் பங்குகளில் இல்லையா? “கோவிலில் குருவானவரே அருந்துகிறாரே” என்று சொல்லி விழா நாளில் நீட்டப்படும் ஒரு சிறு குவளை, குடியை விட்டவரை மீண்டும் பழைய குழியில் தள்ளிவிடக்கூடும்.

திருப்பலிக்குரிய இரசம் திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாக உண்டானதாகவும் கெடாததாகவும் இருக்கவேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924-ஆம் விதி. அவ்வளவு கண்டிப்புள்ள திருச்சபையே, மது அருந்த இயலாத குருக்கள் ஆயரின் அனுமதியுடன், நொதித்தல் தொடங்கிய நிலையிலேயே நிறுத்தப்பட்ட திராட்சைச் சாற்றைப் பீடத்தில் பயன்படுத்த இடம் கொடுத்திருக்கிறது. 2003-ஆம் ஆண்டு உரோமையிலிருந்து வந்த மடல் இதை மீண்டும் தெளிவாக்கிற்று. பீடத்திலேயே இத்தகைய இரக்கம் உண்டென்றால், நம் வீட்டு விருந்தில் அது இருக்கலாகாதா?

விழாவன்று பன்னீர்த் திராட்சையைக் கழுவிச் சிறிது நீரில் வேகவைத்து, மசித்து வடிகட்டுங்கள். இளவறுப்பாக வறுத்த மல்லி விதை ஒரு சிட்டிகை சேர்த்தால் மணம் மணத்தோடு கூடும். ஆறியதும் அன்றே பருகிவிடவேண்டும்; நாள்பட வைத்தால் தானே நொதிக்கத் தொடங்கிவிடும். திராட்சை விதை நசுங்கினால் சாறு துவர்க்கும். ஆகையால் அம்மியும் மின் அரைவையும் வேண்டாம், மரக்கரண்டியே போதும்.