எந்த ஈஸ்ட் தொற்று? ஒரு துளி சீரம் சொல்லிவிடும்!

வெள்ளைப்படுதல், அரிப்புன்னு போனால் பல இடங்களில் கையோடு ஃப்ளூகோனசோல் எழுதித் தந்துவிடுகிறார்கள். ஆனால், கேண்டிடா குரூசி என்ற ஈஸ்ட் அந்த மாத்திரைக்கு இயல்பிலேயே அசையாது.

எந்த ஈஸ்ட் என்பதை மால்டி-டாஃப் கருவி சில நிமிடங்களில் சொல்லும். அம்பத்தூர், ஆவடி பக்கத்துச் சின்ன லேப்களுக்கு அதன் விலை கட்டுப்படியாகாது. அவர்களுக்கும் வழி இருக்கு. கல்ச்சரில் வளர்ந்த ஈஸ்ட்டை சீரத்தில் கலந்து, 37 டிகிரியில் 2-3 மணி நேரம் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கணும். முளைவிட்ட பயறு மாதிரி குழாய் நீட்டினால் பெரும்பாலும் அல்பிகன்ஸ். நீட்டலைன்னா குரோம் அகார் தட்டு: டிராபிகாலிஸ் நீலம், குரூசி இளஞ்சிவப்பு. அரிசிச் சாற்றில் செய்யும் அகாரும் உண்டு (நம்ம கஞ்சித் தண்ணி சமாச்சாரம்தான்!).

2009-ல் ஜப்பானில் அடையாளம் காணப்பட்டு, இப்போ ஐசியுக்களை மிரட்டும் கேண்டிடா ஆரிஸ் விஷயத்தில் இதெல்லாம் போதாது. சாம்பிள் பெரிய லேபுக்குப் போயே ஆகணும்.

தொற்று திரும்பத் திரும்ப வருதா? 'கல்ச்சர் பார்க்கலாமா டாக்டர்?' என்று கேளுங்கள்.