சடராக்கினி: ஆயுர்வேதமும் யோகமும் காட்டும் செரிமான நெறி

உண்ட உணவைப் பக்குவப்படுத்தி உடலுக்கு உரமாக்கும் ஆற்றலை ஆயுர்வேதம் சடராக்கினி, அதாவது வயிற்றுத் தீ என்று அழைக்கிறது. இந்தத் தீ குன்றும்போது முழுமையாகச் செரிக்காமல் உடலில் தங்கிவிடும் கசடு ‘ஆமம்’ எனப்படும்; பல நோய்களுக்கு அதுவே தோற்றுவாய் என்பது அம்மருத்துவத்தின் அடிப்படைக் கருத்து. ஆகவே, எதை உண்பது என்று கேட்பதற்கு முன், உண்பதை ஏற்கும் நிலையில் வயிறு இருக்கிறதா என்று கேட்பதே அதன் நெறியாகும்.

அக்கினியின் நிலைகள் நான்கு. உரிய நேரத்தில் பசித்து, உண்டது தொல்லையின்றிச் செரித்தால் அது சமாக்கினி. வாதம் மிகுந்தால், ஒரு நாள் நன்றாகச் செரித்து மறுநாள் உப்புசமும் மலச்சிக்கலும் தரும் விஷமாக்கினி உண்டாகும். பித்தம் மிகுந்தால், அடிக்கடி பசித்து நெஞ்செரிச்சலும் புளியேப்பமும் தரும் தீட்சணாக்கினி தோன்றும். கபம் மிகுந்தால், சிறிது உண்டாலும் வயிறு கனக்கும் மந்தாக்கினி ஏற்படும். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகம் மந்தத்தைப் போக்க உதவுவதாகக் கூறும் ஆயுர்வேதம், பித்தம் மிகுந்தவர்க்கு அதே காரத்தை விலக்கச் சொல்வது இந்த வேறுபாட்டைக் கருதியே.

உணவின் அளவுக்கு, வாக்படர் இயற்றிய அஷ்டாங்க இருதயம் தெளிவான கணக்கு ஒன்றைத் தருகிறது. வயிற்றை நான்கு பங்காகக் கொண்டு, இரண்டு பங்கைத் திட உணவாலும் ஒரு பங்கை நீராகாரத்தாலும் நிரப்பி, எஞ்சிய பங்கைக் காற்றின் இயக்கத்துக்கு விட்டுவிட வேண்டும் என்கிறது அந்நூல். விளிம்புவரை அரிசி நிரப்பிய பானையில் சோறு பதமாக வேகாததைப் போலவே, இடமின்றி நிரம்பிய வயிற்றிலும் செரிமானம் தடைப்படும். முன் உண்டது செரித்ததை அறிந்தே மறுபடி உண்ண வேண்டும் என்பதைத் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரமும் வலியுறுத்துகிறது.

அளவும் உணவும் சரியாக இருந்தாலும், கவலை, துயரம், அச்சம், சினம், உறக்கக் கேடு ஆகியவற்றால் செரிமானம் கெடும் என்று சரக சம்கிதை எச்சரிக்கிறது. இதற்கு ஒத்த ஒன்றை மேலை மருத்துவமும் கண்டது: அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் பியூமாண்ட், 1822-இல் துப்பாக்கிக் காயம் பட்டு வயிற்றில் துளை நிலைத்துவிட்ட ஒருவரின் இரைப்பையை நேரில் கண்காணித்து, 1833-இல் வெளியிட்ட நூலில், சினமும் அச்சமும் இரைப்பையின் உட்சுவரை மாற்றிச் சுரப்பைக் குறைப்பதைப் பதிவு செய்துள்ளார்.

மனத்தையும் வயிற்றையும் ஒருங்கே அமைதிப்படுத்தும் வழியாக யோகப் பயிற்சிகள் அமைகின்றன. முழங்கால்களை மடித்துக் குதிகால்களின் மேல் நிமிர்ந்து அமரும் வஜ்ராசனத்தை உணவுக்குப் பின்னும் செய்யலாம். முழங்காலை வயிற்றோடு அணைக்கும் பவனமுக்தாசனமும் உடலை முறுக்கும் அர்த்த மத்ஸ்யேந்திராசனமும் வெறும் வயிற்றில் செய்யத் தக்கவை. மூச்சை முழுவதும் வெளியேற்றி, உள்ளிழுக்காமலே விலா எலும்புகளை விரித்து வயிற்றை உட்குழியச் செய்வது உட்டியாணம். அந்நிலையில் வயிற்றின் நடுத்தசையை மட்டும் முன்தள்ளி இயக்குவது நௌலி. 1924-இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தர் இப்பயிற்சிகளை எக்ஸ்ரே கருவியாலும் அழுத்தமானியாலும் ஆராய்ந்து, நௌலியின்போது பெருங்குடலின் உள்ளழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவதைக் கண்டறிந்தார். பழைய யோகிகள் கருவியின்றியே குடலுக்குள் நீரை ஈர்த்துக் கழுவியது எவ்வாறு என்பதற்கு இதுவே விளக்கமாயிற்று.

உட்டியாணமும் நௌலியும் ஆசிரியரின் நேர்ப்பார்வையில் மட்டுமே கற்கத் தக்கவை. கருவுற்றோரும், குடலிறக்கம், வயிற்றுப்புண், உயர் இரத்த அழுத்தம் உடையோரும் இவற்றைத் தவிர்க்க வேண்டும். மலத்தில் இரத்தம், காரணமறியா எடைக்குறைவு, விழுங்குவதில் தடை ஆகியவை தோன்றினால் கைவைத்தியத்தில் காலம் கடத்தாமல் மருத்துவரை அணுகுவது கட்டாயம். மற்றபடி, பசித்த பின் உண்பதும், கால் வயிற்றைக் காலியாக விட்டு எழுவதும், அமைதியான மனத்துடன் மென்று உண்பதும் செலவின்றி எவரும் இன்றே கைக்கொள்ளக்கூடிய நெறிகள். இவை நிலைபெற்ற பிறகே மருந்தும் ஆசனமும் முழுப் பயன் தரும்.