எஞ்சின் சூடும் குதிரைத்திறனும்

ஜப்பானின் மாஸ்தா நிறுவனம் 1989-இல் வெளியிட்ட மியாட்டா என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் 1.6 லிட்டர் எஞ்சினின் திறன் 116 குதிரைத்திறன். டைனமோமீட்டரின் உருளைகள்மீது சக்கரங்களை ஓடவிட்டு அளந்தால் இதைவிடக் குறைவாகவே வரும். பற்சக்கரங்கள் தின்பது போக மிச்சம்தானே அங்கே வந்து சேர்கிறது! ஆனால் அந்த மிச்சமும் ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறுவானேன்?

எஞ்சின் குளிர்ந்திருந்தால் மசகெண்ணெய் கெட்டியாக இருக்கும். உராய்வில் திறன் வீணாகும். எனவே ரேடியேட்டர் நீர் 90 டிகிரியை எட்டும்வரை காத்திருக்க வேண்டும். மேலும் சூடேறினால் மேலும் நல்லதா? இல்லை. நின்ற இடத்தில் ஓடும் காருக்கு எதிர்காற்று கிடையாது, விசிறி மட்டுமே துணை. எஞ்சினின் சூடு உள்ளிழுக்கும் காற்றையும் பற்றுகிறது. 25 டிகிரிக் காற்று (298 கெல்வின்) 55 டிகிரிக்கு (328 கெல்வின்) ஏறினால் அடர்த்தி 9 சதவீதம் குறையும். ஆக்சிஜனும் அவ்வளவே குறையும். ஆயினும் திறன் அந்த அளவுக்கு விழுவதில்லை. லேசான காற்று, அதே அழுத்த வேறுபாட்டில், வால்வு வழியே விரைந்து பாய்ந்து பாதியை ஈடுசெய்துவிடும். கணக்கில் வருவது கெல்வின் வெப்பநிலையின் வர்க்கமூலம்தான். இழப்பு ஏறக்குறைய 5 சதவீதம். 116-இல் ஐந்து குதிரைக்கும் மேல்!

புதிய காற்று வடிகட்டியை மாட்டி, "ஐந்து குதிரை கூடிவிட்டது" என்று ஒருவர் காட்டினால், பணத்தை எடுக்குமுன் கேளுங்கள்: இரு முறையும் எஞ்சினுக்குள் சென்ற காற்றின் வெப்பநிலை என்ன?