டி.வி. ஸ்டிக் ரிமோட் மக்கர் பண்ணுதா? தூக்கிப் போடாதீங்க... முதல்ல சவுண்ட் பட்டனை அமுக்குங்க!

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு படம் பார்க்கலாம் என்று ரிமோட்டை எடுத்தால்... அமுக்கு அமுக்கு என்று அமுக்கினாலும் டி.வி.யில் அசைவே இல்லை. ‘ரிமோட் அவுட்’ என்று முடிவு கட்டி, ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து புது ரிமோட் வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் பல நேரம் ரிமோட்டில் கோளாறே இருக்காது.

2017-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த அமேசான் ‘பயர் டி.வி. ஸ்டிக்’கையே எடுத்துக்கொள்வோம்.

இது வேற ஜாதி ரிமோட்

கேபிள் பாக்ஸ் ரிமோட் கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்புகிறது. குறுக்கே ஆள் நின்றால் வேலை செய்யாது. ஸ்டிக் ரிமோட் அப்படி இல்லை. டி.வி.க்குப் பின்னால் செருகியிருக்கும் ஸ்டிக்கோடு புளூடூத்தில் பேசுகிறது. ஆனால் சவுண்ட் பட்டனும், டி.வி.யை ஆன்-ஆப் செய்யும் பட்டனும் மட்டும் பழைய மாதிரி ஒளி மூலம் நேராக டி.வி.க்குப் போகும்.

சூட்சுமமே இங்கேதான் இருக்கு. சவுண்ட் கூடுது, குறையுது, ஆனா மற்ற பட்டன் எதுவும் கேட்கலைன்னா, பேட்டரி உயிரோடு இருக்கிறது, ஸ்டிக்கோடு உள்ள தொடர்புதான் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். சவுண்டும் வேலை செய்யலைன்னா முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான்.

செல்லைக் கடிக்காதீங்க!

செல்லைப் பல்லால் கடிப்பது, வெயிலில் காய வைப்பது, ரிமோட்டை உள்ளங்கையில் தட்டுவது எல்லாம் நம்ம வீட்டு வைத்தியம். இதுக்கு அதெல்லாம் எடுபடாது. ‘ஏஏஏ’ என்று கேட்டு, ‘அல்கலைன்’ என்று எழுதியிருக்கும் இரண்டு புது பேட்டரி வாங்கிப் போடுங்க. ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு வேண்டாம். உள்ளே ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் காய்ந்த துணியால் துடைத்துவிடுங்க.

10 செகண்டு வைத்தியம்

அதற்கும் மசியலையா? ஸ்டிக்குக்குப் போகும் கரண்ட்டை ஒரு நிமிஷம் பிடுங்கிவிட்டு மறுபடி செருகுங்க. டி.வி.யின் யு.எஸ்.பி. ஓட்டையில் செருகியிருந்தால், பெட்டியோடு வந்த அடாப்டருக்கு மாற்றுங்க. அந்த ஓட்டையில் வரும் கரண்ட் பல டி.வி.யில் பத்தாது.

படம் வந்ததும், டி.வி. பக்கத்தில் போய், வீடு மாதிரி படம் போட்ட ‘ஹோம்’ பட்டனை 10 செகண்டு விடாம அமுக்குங்க. தொடர்பு அறுந்த ரிமோட் பெரும்பாலும் இதிலேயே சேர்ந்துவிடும். முதல் தடவை சேரலைன்னா இன்னும் ரெண்டு தடவை பாருங்க.

போனும் ரிமோட்தான்

இன்னிக்கே படம் பார்க்கணுமா? போனில் ‘பயர் டி.வி.’ ஆப்பை இறக்குங்க, காசு கிடையாது. போனும் ஸ்டிக்கும் ஒரே வைஃபையில் இருந்தால், டி.வி.யில் வரும் நம்பரைப் போனில் அடித்தால் போதும்.

வைஃபை மாற்றிய வீட்டில்தான் சிக்கல். ஸ்டிக் பழைய வைஃபையையே தேடிக்கொண்டிருக்கும். அப்போ இன்னொருத்தர் போனில், பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாம வைத்து ஹாட்ஸ்பாட் போடுங்க. ஸ்டிக் ஏமாந்து அதில் ஒட்டிக்கொள்ளும். உங்க போனையும் அதிலேயே சேர்த்தால் ஆப் வேலை செய்யும்.

நம்பர் தேடினால் ஆபத்து

ரிமோட் போனாலும் பரவாயில்லை, பணம் போகக்கூடாது. கூகுளில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடினால் வருவதெல்லாம் கம்பெனி நம்பர் இல்லை. ‘ஆக்டிவேஷன் கட்டணம் கட்டுங்க’, ‘இந்த ஆப்பைப் போட்டு ஸ்கிரீனைக் காட்டுங்க’ என்று கேட்டால் உடனே போனை வைத்துவிடுங்க. ஸ்டிக்கை ஆக்டிவேட் செய்ய அமேசான் காசு வாங்குவதில்லை. ரிமோட்டைச் சேர்க்க ஓ.டி.பி.யும் தேவையில்லை. உதவி வேணும்னா அமேசான் ஆப்புக்குள்ளேயே கஸ்டமர் சர்வீஸ் இருக்கு. வாங்கி ஒரு வருஷம் ஆகலைன்னா வாரன்டியும் கேளுங்க.

ஏமாந்து பணம் போயிட்டா வெட்கப்பட்டு மறைக்காம, உடனே 1930-க்கு போன் போட்டு புகார் சொல்லுங்க. சீக்கிரம் சொன்னால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வழி இருக்கிறது.