கணினியும் கத்திரி வெயிலும்

கடந்த ஆண்டு கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் என் தங்கை மகள் தொலைபேசியில் அழைத்தாள். சென்னைக் கல்லூரி ஒன்றில் காட்சித் தொடர்பியல் இறுதியாண்டு மாணவி. தன் குறும்படத்தைத் தொகுத்து ஒப்படைக்க அவளுக்கு நான்கு நாள்களே எஞ்சியிருந்தன. "மாமா, பிப்ரவரியில் அரை மணி நேரத்தில் முடிந்த வேலை இப்போது முக்கால் மணி நேரம் இழுக்கிறது. விசிறி இரைகிற இரைச்சலில் அறையில் உட்கார முடியவில்லை. கணினி கெட்டுப்போய்விட்டதா?" என்று கேட்டாள்.

கணினியில் பழுது ஏதும் இல்லை. வெப்பம் எல்லையைத் தொடும்போதெல்லாம் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. பிராசசர் உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. அந்த வெப்பம் பிறப்பதோ கட்டைவிரல் நகத்தளவேயான ஒரு சில்லில். அதை உடனுக்குடன் அகற்றாவிட்டால் சில்லின் வெப்பநிலை விறுவிறுவென ஏறும். அவளிடம் இருந்த இன்டெல் ஐ5-12400 பிராசசருக்கு 100 டிகிரி செல்சியஸ் எல்லை. அதை நெருங்கியதும் வேகம் குறையும். வேகம் குறைந்தால் வெப்பமும் குறையும். மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, பிராசசருடன் இலவசமாக வந்த சிறிய குளிர்விப்பானின் தகடுகளுக்கிடையே தூசு படலமாக அடைந்திருந்தது. துடைத்தேன். ஓரளவே பயன் தந்தது. கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை விசிறியை உள்நோக்கித் திருப்பிவைத்தோம். அழகான காட்சியல்ல என்றாலும் குறும்படம் உரிய நாளில் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகுதான், கடைக்காரர்கள் 'கூலர்' என்றழைக்கும் குளிர்விப்பான் ஒன்றை இணையத்தில் வாங்க முற்பட்டோம். எதைப் பார்த்து வாங்குவது என்பதிலேயே குழப்பம் தொடங்கியது. அந்த பிராசசருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எண் 65 வாட். அது அடிப்படை வேகத்துக்கான அளவு மட்டுமே. முழு மூச்சில் இயங்கும்போது அது 117 வாட் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று தயாரிப்பாளரின் விவரப் பட்டியலே கூறுகிறது. அதே நிறுவனத்தின் ஐ7-14700கே பிராசசருக்கு இவ்விரு எண்களும் 125, 253. ஏஎம்டி பிராசசர்களில் 65 வாட் என்று குறிப்பிடப்படுபவை 88 வாட் வரை எடுப்பது வழக்கம். சிறிய எண்ணை நம்பிக் குளிர்விப்பான் வாங்குபவர், பிராசசர் உண்மையில் உழைக்கும் நேரத்தில்தான் தவறை உணர்வார்.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. எந்தக் காற்றுக் குளிர்விப்பானும் பிராசசரை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுசெல்ல இயலாது. அறையைவிட எத்தனை டிகிரி கூடுதலில் நிறுத்திவைக்கிறது என்பதே அதன் திறன். குளிரூட்டிய கூடத்தில் 22 டிகிரியில் சோதித்துவிட்டு, "72 டிகிரியைத் தாண்டவில்லை" என்று ஒரு மதிப்புரையாளர் எழுதினால், அது 50 டிகிரி கூடுதல் என்று பொருள். ஜன்னலடைத்த நம் அறையில் மே மாதப் பிற்பகலில் 36 டிகிரி இருக்குமானால் அதே கூலர் 86 டிகிரியைக் காட்டும். கேபினட்டுக்குள் இருக்கும் காற்று அறைக்காற்றைவிடச் சூடானது. அதற்கு ஐந்து டிகிரி சேர்த்தால் 91. மதிப்புரையில் பொய் இல்லை. அது எழுதப்பட்ட அறைதான் வேறு. மதிப்புரைகளைப் படிக்கையில் இறுதி எண்ணை விட்டுவிட்டு, அறை வெப்பநிலையைக் கழித்து வரும் வேறுபாட்டையே குறித்துக்கொள்ளத் தொடங்கினேன். அறை வெப்பநிலையைச் சொல்லாத மதிப்புரைகளை ஒதுக்கிவிட்டேன்.

கோபுர வடிவக் கூலர்கள் இயங்கும் முறை எவருக்கும் புரியக்கூடியதே. செம்புக் குழாய்களுக்குள் காற்றை வெளியேற்றிவிட்டுச் சிறிதளவு நீரை அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவென்பதால் நீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாகி மேலேறும். குளிர்ந்த முனையில் மீண்டும் நீராகும். இட்லிப் பானையின் மூடியில் நீர் முத்து முத்தாகக் கோப்பதும் இதே நிகழ்வுதான். குழாயின் உட்சுவரில் திரிபோல் அமைந்த நுண்துளைப் பரப்பு அந்நீரை மீண்டும் சூடான முனைக்கு உறிஞ்சிக் கொண்டுவரும். வெப்பத்தை அலுமினியத் தகடுகள் வாங்கிக்கொள்ள, விசிறி அதைக் காற்றில் கலக்கும்.

வண்ண விளக்குகள் மின்னும் நீர்க் குளிர்விப்பான்களில்தான் தங்கை மகளுக்கு ஆசை. நான் உடன்படவில்லை. அங்கும் நீர் வெப்பத்தைச் சுமந்துசெல்கிறதே தவிர, இறுதியில் அதே அறைக்காற்றிடம்தான் ஒப்படைக்கிறது. 250 வாட் எடுக்கும் பிராசசருக்கு அது நியாயமான செலவு. 117 வாட்டுக்கு அது அலங்காரம். காற்றுக் கூலரில் கெடக்கூடியது விசிறி ஒன்றே. சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம். நீர்க் கூலரிலோ பம்பு நின்றால் பெரும்பாலும் முழுச் சாதனத்தையும் மாற்ற வேண்டியிருக்கும்.

இனி, வாங்கிய கதை. மதர்போர்டில் கூலரைப் பொருத்தும் துளைகளின் இடைவெளி, இன்டெலின் முந்தைய தலைமுறைகளில் 75 மில்லிமீட்டர். 2021இல் வந்த எல்ஜிஏ 1700 அமைப்பில் 78. மூன்று மில்லிமீட்டர்தான் வேறுபாடு. ஆயினும் பழைய பிடிமானம் பொருந்தாது. நாங்கள் தேர்ந்தெடுத்த கூலரின் விற்பனைப் பக்கத்தில் புதிய அமைப்புக்கும் பொருந்தும் என்று தெளிவாக எழுதியிருந்தது. வந்து சேர்ந்த பெட்டியிலோ பழைய பிடிமானம் மட்டுமே இருந்தது. "பிரித்த பெட்டியைத் திரும்பப் பெறுவதில்லை" என்று விற்பனையாளர் பதில் அனுப்பினார். பிரிக்காமல் உள்ளே இருப்பதை எவ்வாறு அறிவது என்ற கேள்விக்கு அவரிடமிருந்து பதில் இல்லை.

இங்கேதான் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கைகொடுத்தன. பொருள் குறைபாடுடையதாகவோ போலியாகவோ விளம்பரப்படுத்திய தன்மைகள் இல்லாததாகவோ இருந்தால், திரும்பப் பெறவும் பணத்தைத் தரவும் விற்பனையாளர் மறுக்கக் கூடாது. குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பொருள் பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பித் தரும் உரிமை இவ்விதிகளில் இல்லை. அது அந்தந்த விற்பனையாளரின் விருப்பம். எனவே வாங்கும் நாளில் விற்பனைப் பக்கத்தைப் படமெடுத்து வைத்திருந்ததும், பெட்டியைப் பிரித்ததைக் கைப்பேசியில் பதிவுசெய்திருந்ததும் எங்களுக்குப் பேருதவியாயின. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்த பிறகே பணம் திரும்பியது. திரும்பியிராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடியிருப்பேன். வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை.

இரண்டாவது முறை முதலில் அளவுகோலை எடுத்தேன். கோபுரக் கூலர்கள் பல 150 மில்லிமீட்டரைத் தாண்டுபவை. சில 165 வரை போகும். எங்கள் கேபினட் ஏற்கும் உயரம் 160. இதைப் பார்க்காமல் வாங்கியிருந்தால் தவறு என்னுடையதாகியிருக்கும். எந்த விதியும் துணைக்கு வந்திராது. பெட்டியின் மீது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்பதையும் விசாரித்துக்கொண்டேன். அவை இல்லாத பெட்டிக்கு உத்தரவாதம் கேட்டு எந்தக் கதவைத் தட்டுவது? இத்தனையும் விசாரித்த பின், சில நூறு ரூபாய் கூடுதலானாலும் பரவாயில்லை என்று ரிச்சி தெருவுக்கே போனோம். கடைக்காரர் பெட்டியைத் திறந்து பிடிமானத்தை எடுத்துக் காட்டினார். 155 மில்லிமீட்டர் உயரம், நான்கு வெப்பக்குழாய்கள், ஒரு விசிறி.

இந்த மே மாதம் அறையில் 35 டிகிரி இருந்த ஒரு பிற்பகலில் அவள் மீண்டும் ஒரு படத்தைத் தொகுத்தாள். பிராசசர் 76 டிகிரியைத் தாண்டவில்லை. வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. பழைய சிறிய கூலரைத் தூசு தட்டி அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் வைத்திருக்கிறேன். புதியதன் விசிறி நின்றுபோனால், மாற்று விசிறி வரும்வரை அது தேவைப்படும்.