ஓலையும் மண்ணும் பழங்காகிதமும்

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலிருந்து சேலத்துச் சாலை பிரிகின்ற இடமாகிய உளுந்தூர்பேட்டையைப் பேருந்து ஜன்னல் வழியே பார்த்தவர்களே தமிழ்நாட்டில் அதிகம். இறங்கி நடந்து பார்த்தவர்கள் சொற்பம். நடந்து பார்க்கிறவருக்கு, சுற்றுப்புறத்து ஏரிக்கரைகளில் நிற்கும் பனைமரங்களும், கோடையில் நீர் வற்றிய ஏரிகளின் அடியில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் களிமண்ணும், கடைவீதியில் எடைக்குப் போடுவதற்காகக் கட்டி வைத்திருக்கும் பழைய செய்தித்தாள்களும் கண்ணில் படாமல் இரா. பிள்ளைகளின் கைவேலைக்கு என்ன சாமான் வேண்டும் என்று கேட்கும் பெற்றோருக்கும் உபாத்தியாயர்களுக்கும் நான் முதலில் காட்ட விரும்புவது இம்மூன்றையே.

இன்று கைவேலை என்ற பெயரில் பல வீடுகளில் நடைபெறுவது வேறு. மறுநாள் பள்ளிக்கு ஒரு மாடல் கொண்டுபோக வேண்டும் என்று பிள்ளை மாலையில் வந்து சொல்ல, தகப்பனார் கடைக்கு ஓடித் தெர்மாகோலும் சார்ட்டும் ஜிகினாவும் வாங்கிவர, தாயார் அடுப்படி வேலை முடிந்தபின் உட்கார்ந்து வெட்டி ஒட்டி அதை முடிப்பதற்குள், யாருக்காக அது செய்யப்படுகிறதோ அந்தக் குழந்தை தூங்கிப் போய்விடுகிறது. இதில் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; ஒரே இரவில் அழகான பொருள் வேண்டும் என்று கேட்டால் அவர்கள் வேறென்ன செய்வார்கள்? ஆயினும், ஒரு பொருள் எந்த அளவு வளையும், எங்கே முறியும், காயும்போது எவ்வளவு சுருங்கும் என்கிற அதன் சுபாவத்தைப் பிள்ளையின் விரல்கள் அறிந்துகொள்வதே கைவேலையின் பிரதான பிரயோஜனம் என்பது என் அபிப்பிராயம். தெர்மாகோலை எந்தப் பக்கம் அறுத்தாலும் ஒன்றுபோலவே உதிர்கிறது. ஓலைக்கும் மண்ணுக்கும் காகிதத்துக்கும் தனித்தனிக் குணம் உண்டு. அக்குணத்துக்கு இணங்கி நடக்காதவனுக்கு அவை வசப்படுவதில்லை.

காகிதத்திலிருந்து தொடங்குவோம். ஜெர்மனி தேசத்தில் 1837-ஆம் ஆண்டு பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் சிறு குழந்தைகளுக்கென ஒரு கல்விச்சாலையைத் தொடங்கிய ஃபிரெடரிக் ஃபுரோபெல், பந்து, மரக்கட்டை முதலியவற்றோடு காகிதம் மடிப்பதையும், காகிதக் கீற்றுகளைப் பாய்போல் பின்னுவதையும் விளையாட்டுக் கல்வியில் சேர்த்தார். அப்பயிற்சி நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது, குழந்தைகள் மடித்து விளையாடும் அதே சதுரக் காகிதத்தைக் கொண்டு வடிவகணிதத்தையே போதிக்கலாம் என்று கண்டவர் டி. சுந்தர ராவ். காகித மடிப்பில் வடிவகணிதப் பயிற்சிகள் என்று பொருள்படும் பெயரில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலைச் சென்னை அடிசன் கம்பெனியார் 1893-இல் வெளியிட்டனர். ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தம் புத்தகமொன்றில் அதைக் குறிப்பிட, அதன் வாயிலாக அறிந்த அமெரிக்கப் பேராசிரியர் இருவர் 1901-இல் சிகாகோ நகரில் அதைத் திருத்திப் பதிப்பித்தார்கள். சென்னையில் பிறந்து உலகத்தைச் சுற்றிய அந்தப் புத்தகம் நம் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டியது.

அதிலுள்ள முறைகள் எவ்வளவு எளியவை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு சதுரத் தாளை நெடுக்குவாட்டில் சரிபாதியாக மடித்துப் பிரித்தால் நடுவே ஒரு கோடு விழும். கீழ் விளிம்பின் இடது மூலையை ஒரு விரலால் அசையாமல் அழுத்திக்கொண்டு, வலது மூலையைத் தூக்கி அந்த நடுக்கோட்டின்மேல் வந்து பொருந்தும்படி மடித்தால், அது வந்து அமர்ந்த புள்ளியும் கீழே இருந்த இரு மூலைகளும் ஒரு சமபக்க முக்கோணத்தின் முனைகளாகும். அளவுகோலும் இல்லை, காம்பஸும் இல்லை. ஏன் அப்படி என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள். நடுக்கோட்டிலுள்ள எந்தப் புள்ளியும் இரு மூலைகளுக்கும் சமதூரம் என்பதையும், மடித்தபோது கீழ் விளிம்பின் நீளம் மாறவில்லை என்பதையும் அவன் தன் கையில் உள்ள தாளைப் பார்த்தே சொல்லிவிடுவான். கரும்பலகையில் மணிக்கணக்காக எழுதிப் போட்டாலும் இந்தப் பிரத்தியட்சம் வராது.

மடிக்க உதவாத பழந்தாள் கூழுக்கு உதவும். ஒரு தலைமுறைக்கு முன்பு வரையில் நம் வீட்டுப் பெரியவர்கள் காகிதக் கூழில் கூடையும் தட்டும் செய்து, அரிசி பருப்புப் போட்டு வைத்திருந்தார்கள். செய்முறை இதுதான்: செய்தித்தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழித்து (கிழித்த ஓரத்தில்தான் நார் பிரிந்து நிற்கும்), இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரைத் தினமும் மாற்றி, பிழிந்தெடுக்க வேண்டும். கால் கிலோ காகிதத்துக்கு ஒரு கைப்பிடி வெந்தயம் என்ற கணக்கில் தனியே ஊறவைத்து, இரண்டையும் ஆட்டுக்கல்லிலோ கிரைண்டரிலோ வெண்ணெய் பதத்துக்கு அரைக்க வேண்டும். வெந்தயத்தின் வழுவழுப்பு நாரைப் பிடித்து நிறுத்துகிறது. அதன் கசப்பு பூச்சியை அண்ட விடுவதில்லை. பிறகு ஒரு சட்டியைக் கவிழ்த்து, ஈரத் துணியைப் போர்த்தி, அதன்மேல் கூழை அரை விரற்கடை கனத்துக்கு ஒரே சீராக அப்பி, முதல் நாள் நிழலிலும் மறுநாள் வெயிலிலும் காயவைத்தால், சட்டியின் வடிவம் கூடையாகக் கழன்று வரும். அவசரப்பட்டு முதல் நாளே வெயிலில் வைத்தால் மேற்புறம் முந்திச் சுருங்கி விரிசல் விட்டுவிடும். இதே கூழோடு களிமண்ணும் சேர்த்துத்தான், கிழக்கே பண்ருட்டியில் கொலு பொம்மைகள் அச்சில் வார்க்கப்பட்டு நவராத்திரிக்கு ஊர் ஊராகப் போகின்றன. வகுப்பில் ஒரு தடவை கூழ் அரைத்த பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று காட்டினால், வேடிக்கை பார்க்கிறவர்களாக இல்லாமல், பதம் தெரிந்தவர்களாக நின்று பார்ப்பார்கள்.

பூச்சுக்குக் கடைச் சாயம் வேண்டியதில்லை. செம்மண்ணும் சுண்ணாம்பும் அடுப்புக்கரியும் மஞ்சளும் வீட்டிலேயே உண்டு. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு பட்டதும் சிவப்பாகிற ஆரத்தித் தட்டின் மாயத்தை, எலுமிச்சம்பழச் சாறு ஒரு சொட்டு விட்டு மறுபடி மஞ்சளாக்கிக் காட்டுகிற உபாத்தியாயர், ஓவிய வகுப்பிலேயே ரசாயன பாடத்தையும் நடத்தி முடித்தவராவார்.

இனி ஓலை. பனை நம் மாநில மரம். நுங்குக் காலத்தில் வெறும் குடுக்கைகள் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் குச்சியால் தள்ளிக்கொண்டு ஓடும் வண்டியைச் செய்யாத பிள்ளை இந்தப் பக்கத்துக் கிராமங்களில் முன்பு இருந்திருக்கமாட்டான். காற்றாடியும் அப்படியே: ஓலைக் கீற்றுகள் இரண்டை ஒன்றுக்கொன்று குறுக்காக மடித்துக் கோத்து, நடுவே ஒரு கருவேல முள்ளைச் செருகி, முள்ளின் நுனியைச் சோளத்தட்டையில் குத்திவிட்டு ஓடினால் அது சுழலும். இதழ்கள் சற்றே சாய்ந்து நிற்பதால்தான் காற்று அவற்றைத் தள்ளுகிறது என்பதைத் தட்டையாக அழுத்திய ஓலை சுழலாதபோது பிள்ளை தானே கண்டுபிடிக்கிறது. காய்ந்த ஓலையை அப்படியே மடித்தால் ஒடியும். ஈரத் துணியில் சுற்றிவைத்து எடுத்தால் சொன்னபடி கேட்கும். ஒரே அகலமுள்ள கீற்று ஒன்றை எடுத்துச் சாதாரண முடிச்சாகப் போட்டு, மெல்ல இழுத்துத் தட்டையாக்கிப் பாருங்கள்: ஐந்து பக்கமும் சமமான ஐங்கோணம் ஒன்று கையில் கிடைக்கும். சுந்தர ராவின் காகிதத்துக்கும் பனையேறியின் ஓலைக்கும் உள்ள உறவு எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருவது. ஒன்றை மாத்திரம் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். குருத்தோலை இளசாயும் வெண்மையாயும் இருப்பதால் எல்லோரும் அதையே விரும்புவார்கள். ஆனால் குருத்தை அடிக்கடி வெட்டினால் மரம் தளர்ந்துபோகும். பயிற்சிக்கு முற்றிய ஓலையே போதும்.

மண்ணைப் பற்றிச் சொல்லும்போது இந்தப் பழைய தென்னார்க்காட்டுச் சீமையின் ஊரெல்லைகளில் நிற்கும் ஐயனார் கோயில் மண்குதிரைகளை நினைக்காமல் இருக்க முடியாது. ஆள் உயரத்துக்கு மேற்பட்ட குதிரையைச் சூளையில் வெடிக்காமல் சுட்டெடுப்பது எப்படி? உள்ளே கூடாக விட்டுச் செய்வதும், மண்ணோடு மணலும் உமியும் பிசைவதுந்தான் அதன் ரகசியம். உமி எரிந்துபோன இடங்கள் நுண்ணிய துவாரங்களாகி, ஈரம் ஆவியாக வெளியேற வழிவிடுகின்றன. பள்ளியில் சூளை இல்லாவிட்டாலும், ஏரிமண்ணில் சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு திரி உருட்டி, அதை விரலைச் சுற்றி வளைத்துப் பார்க்கச் சொல்லலாம். விரிசல் விடாமல் வளைகிற மண் வனைவதற்கு ஏற்றது. உதிர்கிற மண்ணோடு எதைச் சேர்க்கலாம் என்று பிள்ளைகளே யோசிக்கட்டும். விநாயக சதுர்த்திக்குப் பிள்ளையார் செய்யும்போது கண்ணுக்குக் குன்றிமணி வைப்பது வழக்கம். அவ்விதை கடித்துத் தின்றால் கொடிய விஷம் என்பதால், சிறு பிள்ளைகளிடம் அதைத் தராமல் பெரியவர்களே பதிக்க வேண்டும்.

இவ்விடத்தில் நம் மாநிலத்தின் கல்விச் சரித்திரத்தில் பட்ட காயம் ஒன்றையும் பேசியே ஆக வேண்டும். கைத்தொழிலை நடுவாக வைத்துக் கல்வி அமைய வேண்டும் என்று காந்தியடிகள் 1937-இல் வார்தா மகாநாட்டில் கூற, ஜாகீர் உசேன் தலைமையில் அமைந்த குழு அதற்குப் பாடத்திட்டமும் வகுத்தது. ஆனால் 1953-இல் ராஜாஜி முதலமைச்சராயிருந்தபோது, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் அரைநாள் படித்து, மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்று வந்த திட்டம், பிறப்பால் ஒருவனைத் தொழிலோடு கட்டிப்போடும் குலக்கல்வி என்று கடுமையாக எதிர்க்கப்பட்டு, 1954-இல் காமராஜர் பதவிக்கு வந்ததும் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது. எனினும், அதன்பின் கைவேலை என்றாலே ஒரு கூச்சம் ஏற்பட்டு, அது பள்ளியின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது நஷ்டமே. குயவர் வீட்டுப் பிள்ளை மண்ணையும், பனையேறி வீட்டுப் பிள்ளை ஓலையையும் பழகுவதல்ல நான் வேண்டுவது. கணக்குப்பிள்ளையின் மகள் மண் பிசைய வேண்டும். மண் பிசைகிறவரின் மகன் ஐங்கோணத்துக்கு நிரூபணம் எழுத வேண்டும். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து செய்ய வேண்டும். வாசலில் கோலம் போடும் பெண்களின் புள்ளிக்கணக்கைத் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் ஆராய்ந்து, கணினி இயலுக்குரிய இலக்கண விதிகளாக 1974-இல் கட்டுரை எழுதினார்கள். கைக்கும் அறிவுக்கும் இடையே சுவர் கிடையாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சியம் எனக்குத் தெரியாது.

உளுந்தூர்பேட்டை வட்டத்தைச் சேர்ந்த கூவாகத்தில், சித்திரைப் பௌர்ணமியை ஒட்டித் திருநங்கையர் தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் வந்து கூடும் கூத்தாண்டவர் திருவிழாவில், அந்தக் கூத்தாண்டவராகிய அரவானின் உருவத்துக்கு வேண்டிய அங்கங்களும் அணிகளும் சுற்றிலும் உள்ள வெவ்வேறு கிராமங்களிலிருந்து வந்து, தேரில் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. ஒரு ஊர் தன் பங்கைத் தவறவிட்டால் உருவம் நிறைவு பெறாது. வகுப்பறைக்கு இதைவிடச் சிறந்த யோசனை வேறில்லை. நாற்பது பிள்ளைகளும் நாற்பது சின்னப் பொம்மை செய்வதற்குப் பதிலாக, வகுப்பே சேர்ந்து ஒரு குதிரையையோ யானையையோ தேரையோ செய்யட்டும். ஒரு பெஞ்சுக்குக் கால், ஒரு பெஞ்சுக்குத் தலை, ஒரு பெஞ்சுக்கு அலங்காரம். முன்கூட்டியே அளவு பேசி முடிவு செய்யாவிட்டால் கால் ஒன்றுக்கொன்று ஏறியிறங்கி நிற்கும்; ஆகையால் அளவெடுப்பதும், விகிதம் கணக்கிடுவதும், அடுத்த பெஞ்சுக்காரரோடு ஒத்துப்போவதும் தாமாகவே பாடமாகின்றன. அலங்காரம் செய்யும் பெஞ்சுக்குத் தெருக்கூத்தின் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் காட்டலாம். எடை குறைந்த கல்யாண முருங்கைக் கட்டையில் கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டிச் செய்யப்படும் அவ்வணிகலன்களைப் பிள்ளைகள் அட்டையில் செய்துகொள்ளலாம். மேற்கே கள்ளக்குறிச்சியில் மரச்சிற்பிகள் இருக்கிறார்கள். அவர்கள் கைவண்ணத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. உளி பிடிப்பது சிறு பிள்ளைகளுக்கு உகந்ததன்று. ஆனால் ஒரு சிற்பியை வகுப்புக்கு அழைத்து, மரத்தின் ரேகை ஓடும் திசையில் உளி எப்படிச் செல்கிறது, எதிர்த்திசையில் எப்படிச் சிம்பு பெயர்கிறது என்று ஒரே ஒரு மரத்துண்டில் காட்டச் சொல்லலாம்.

இவற்றுக்கெல்லாம் பணம் அதிகம் தேவையில்லை, காலந்தான் தேவை. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடந்துவரும் கலைத் திருவிழா நல்ல முயற்சி. ஆயினும் போட்டிக்குத் தயாராகும் சிலரைத் தவிர மற்றப் பிள்ளைகளுக்கும் கை அழுக்காக வேண்டும். வாரத்துக்கு ஒரு பாடவேளை என்றால் அதில் கூழ் காயாது. திங்கட்கிழமை காகிதத்தை ஊறப்போட்டு, தினமும் சிறிது நேரம் தண்ணீர் மாற்றி, வியாழனன்று அரைத்து, வெள்ளிக்கிழமை அப்பி, சனி ஞாயிறு காயவிட்டு, அடுத்த வாரம் வண்ணம் தீட்டுவது என்று பகுத்துக்கொண்டால் எந்தப் பாடமும் கெடாது. மதிப்பெண் போடும்போது வழவழப்பைப் பார்க்கக் கூடாது. பொருளின் பக்கத்தில், மண்ணோ ஓலையோ எங்கிருந்து எடுக்கப்பட்டது, எந்த இடத்தில் விரிசல் விட்டது, அடுத்த தடவை எதை மாற்றிச் செய்வேன் என்று பிள்ளை தன் கையெழுத்தில் எழுதி வைக்கிற அந்தச் சீட்டைப் படித்துவிட்டு மதிப்பெண் போட வேண்டும். விரிசல் விட்ட கூடைக்கும் முழு மதிப்பெண் கொடுக்கலாம்.