கன்னத்தில் கட்டியா? காந்தம் சொல்லும் ரகசியம்!

குழந்தைக்குக் காதோரம் வீங்கினால் செஞ்சிப் பக்கத்துக் கிராமங்களில் என்ன செய்வார்கள்? கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவார்கள். "பொன்னுக்கு வீங்கி" என்ற பெயரிலேயே பொன் இருக்கிறது! சில நாளில் வீக்கம் வடிந்துவிடும். சங்கிலி போடாவிட்டாலும் வடியும். அது வேறு கதை.

ஆனால், பெரியவர் ஒருவருக்குக் காதின் கீழே, ஒரு பக்கம் மட்டும், நெல்லிக்காய் அளவு கட்டி. வலி இல்லை. ஆறு மாதமாகியும் வடியவில்லை. "வலிக்காத கட்டிதானே" என்று விட்டுவிடுகிறார்.

விடலாமா? கூடாது!

எச்சில் ஊறும் இடம்

காதின் முன்னும் கீழும் எச்சில் சுரப்பி இருக்கிறது. எச்சில் சுரப்பிக் கட்டிகளில் 100-க்கு 80 இங்கேதான் வருகின்றன. அந்த 80-லும் பெரும்பாலானவை புற்று நோய் அல்ல, சாதுவான கட்டிகள்.

சாதுவிலும் இரண்டு வகை முக்கியம்.

ஒன்று, "பிளியோமார்பிக் அடினோமா." மெதுவாக வளரும். பல வருஷம் விட்டுவைத்தால் சிலருக்குப் புற்றாக மாறிவிடும். ஆகவே எடுத்துவிடுவதே நல்லது. அதையும் அரைகுறையாகத் தோண்டி எடுத்தால் மறுபடி பல இடத்தில் முளைக்கும்.

மற்றொன்று, "வார்த்தின் கட்டி." பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு அதிகம் வருகிறது. சிலருக்கு இரண்டு பக்கமும் வரும். இது புற்றாக மாறுவது மிக மிக அபூர்வம். வயதானவர்களுக்கு ஆபரேஷன் செய்யாமல் கவனித்து வருவதும் உண்டு.

எது எந்தக் கட்டி? தொட்டுப் பார்த்தால் தெரியாது. ராஜகிரிக் கோட்டையை அடிவாரத்தில் நின்று பார்த்தால் உள்ளே களஞ்சியம் எங்கே என்று தெரியுமா?

எம்.ஆர்.ஐ. எப்படிப் பார்க்கிறது?

இது எக்ஸ்ரே அல்ல. பெரிய காந்தம். பூமியின் காந்த சக்தியைப் போல் சுமார் 30,000 மடங்கு! உடம்பிலுள்ள நீரின் அணுக்களை ரேடியோ அலையால் தட்டி, அவை தரும் பதிலைப் படமாக்குகிறது. இந்த வித்தைக்காக லாட்டர்பர், மான்ஸ்பீல்டு இருவருக்கும் 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு வகைப் படத்தில் முதல் கட்டி பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். வார்த்தின் கட்டி பெரும்பாலும் அவ்வளவு வெளுக்காது. ஊசி மூலம் மருந்து ஏற்றினால், முதல் கட்டி மெல்ல மெல்ல வாங்கிக்கொள்ளும். வார்த்தின் கட்டியோ சட்டென்று வாங்கி, சட்டென்று விட்டுவிடும்!

ஆனால் படம் மட்டும் போதாது. வார்த்தின் கட்டி சில படங்களில் புற்று போலவே ஏமாற்றும். அதனால் மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்தும் சோதிப்பார்கள்.

கட்டி எவ்வளவு ஆழம் என்பதையும் படம் காட்டும். இது பெரிய உதவி. முகத்தை அசைக்கும் நரம்பு இந்தச் சுரப்பிக்குள்ளேதான் கிளை பிரிந்து ஓடுகிறது. அது அறுந்தால் கண்ணை மூட முடியாது, வாய் கோணிவிடும். ஆபரேஷன் இல்லாமலே முகம் கோணினாலோ, கட்டி வலித்தாலோ, வேகமாக வளர்ந்தாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

செஞ்சிக்காரர்கள் எங்கே போவது?

விழுப்புரம் அருகே முண்டியம்பாக்கத்தில் 2010-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. முதலில் காது, மூக்கு, தொண்டை டாக்டரைப் பாருங்கள். பீடி உண்டா என்று கேட்டால் மறைக்காதீர்கள்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். கொண்டை ஊசி, சாவி, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். தாலிச் சங்கிலியைக் கழற்றி, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே போகும் பெண்களும் உண்டு. உள்ளே "டம் டம்" என்று சத்தம் கேட்கும். அரை மணி நேரம் போல அசையாமல் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.